கல் சொன்னதும் நாம் சொன்னதும்

உத்தனப்பள்ளியில் நாம் பாடம் சொல்லும் வகுப்பிற்கு, சென்ற திங்களில் ஒரு நாள், சிறுவன் ஒருவன் துண்டில் சுற்றிய பொருளொன்றைத் தூக்கி வந்தான். அவிழ்த்துப் பார்த்தால் — கல்! கறுத்த கல், ஒரு முனை குவிந்து, மறுமுனை விரிந்து, விரிந்த விளிம்பு கூராகத் தேய்க்கப்பட்ட கல். அதன்மேல் மஞ்சள், மஞ்சளின்மேல் குங்குமம், இரண்டையும் மூடிப் பல்லாண்டு எண்ணெய்ப் பிசுக்கு.

பாட்டன் நிலத்தை உழுதபோது கொழுமுனையில் தட்டுப்பட்டதாம். "இடியோடு இறங்கி வந்த கல்" என்று பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். அவன் வீட்டு மொழி கன்னடம். 'அஜ்ஜி' என்றுதான் பாட்டியை அழைக்கிறான். அன்று முதல் தோட்டத்து மரத்தடியில் வைத்து வணங்கி வருகின்றனர். கற்காலப் பாடத்தில் கண்ட படம் அஜ்ஜியின் சாமியைப் போலவே இருக்கிறதே என்று பையனுக்கு ஐயம் பிறந்தது. மாலையில் திருப்பித் தருவதாக வாக்களித்து, கேட்டு வாங்கி வந்துவிட்டான்.

வகுப்பு வளைத்துக்கொண்டது. மஞ்சளைக் கண்டதும் ஒரு சிறுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சண்டை போடுகிற ஆயுதம், சார்!" என்றான் ஒருவன். ஏடு படிக்கும் பழக்கமுள்ள இன்னொருவன் எழுந்தான்: "தமிழனின் ஆயுதம், சார்! சிந்துவெளி எழுத்து இந்தக் கல்லில்தானே கிடைத்தது?" என்று முழங்கினான். கல்லைக் கொண்டுவந்தவன் முகம் சுருங்கிற்று. "அப்படியென்றால் இது எங்களுடையது இல்லையா, சார்?" என்றான்.

தோழர்களே! உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. முதல் மூன்று குரலும் நாட்டில் நாள்தோறும் நாம் கேட்கும் குரல்கள்தாம்: பக்தியின் குரல், போரின் குரல், பெருமையின் குரல். நான்காவதாக எழுந்ததுதான் கேள்வி. அக்கேள்விக்கு விடை காண முயன்றதன் விளைவே இக்கட்டுரை. திறனாய்வு என்பது கவிதைக்கும் காவியத்திற்கும் மட்டும் உரியதோ? கல்லையும் படிக்கிறோம், கல்லுக்கும் உரை எழுதுகிறோம். எனவே, உரை சரிதானா என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

விண்ணிலிருந்து விழுந்ததா?

இடியின் கல் என்ற எண்ணம் அந்த அஜ்ஜிக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய உழவனும் அவ்வாறே எண்ணினான். நிலத்தில் கற்கோடரி கிடைத்தால் கூரையிலே செருகி வைத்தான். இனி இவ்வீட்டில் இடி விழாது என்று இனிதே உறங்கினான். உரோம நாட்டுப் படிப்பாளிகளும் இடிக்கல் என்றே ஏட்டில் எழுதினர். சாவகத் தீவில் இதற்கு 'இடியின் பல்' என்று பெயர். நம் நாட்டிலும், மலைப்பக்கச் சிற்றூர்க் கோயில்களில், பளபளப்பாகத் தேய்த்த கோடரிகள் தெய்வத்தின் காலடியில் வைத்து வணங்கப்படுவதை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர்.

இந்த மயக்கம் எப்படி உடைந்தது? மைக்கேல் மெர்க்காத்தி என்றொரு மருத்துவர் இத்தாலியில் இருந்தார். போப்பாண்டவருக்கே மருத்துவம் பார்த்தவர், 1593இல் மறைந்தவர். இவை வானம் எறிந்த கற்கள் அல்ல, இரும்பு அறியாத மாந்தர் தம் கையால் செய்த கருவிகள் என்று அவர் எழுதி வைத்தார். எழுதிய நூல் அச்சேறியதோ 1717இல். அவர் மறைந்து 124 ஆண்டுகள் உண்மை பெட்டிக்குள் உறங்கிற்று! 1723இல் அந்துவான் தெ ஜூசியூ என்பார், அமெரிக்கப் பழங்குடி மக்கள் அன்று கையாண்டுவந்த கற்கருவிகளை ஐரோப்பாவின் 'இடிக்கற்களோடு' ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே தொழில்! மந்திரம் ஓதவில்லை, தவம் இருக்கவில்லை. இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவே. பகுத்தறிவின் கருவிப் பெட்டியில் ஒப்பிட்டுப் பார்த்தலைவிடக் கூரிய கருவி வேறேது?

நம் நாட்டில் அந்தக் கண்ணோடு முதலில் பார்த்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் துறை அலுவலர். டார்வினின் நூல் வெளிவந்து நான்கே ஆண்டு ஆகியிருந்த வேளை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், பரற்கற்களிடையே கைக்கோடரி ஒன்றைக் கண்டார். அதற்கு முன் அவ்வழியே நடந்தோர் எத்தனை ஆயிரமோ! நாடெங்கும் அலைந்து அவர் திரட்டிய கற்கருவிகளை 1904இல் சென்னை அரசு விலைக்கு வாங்கிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவை இடம்பெற்றன.

இதைச் சொல்லி அஜ்ஜியைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமை இல்லை. ஆயிரம் கல் கிடக்கும் நிலத்தில், இந்த ஒரு கல் மற்றக் கற்களைப் போன்றதன்று என்று கண்டறிந்தது அக்குடும்பத்தின் கண்தான். கண்டது சரி, கொண்ட முடிவுதான் தவறு. அவருக்குக் கல்வி தராத சமுதாயம் அவருடைய அறியாமையை எள்ளி நகையாடுவது எவ்வகை நேர்மை?

படைக்கலமா, கருவியா?

இனி, கற்றோர் உரைக்கு வருவோம். ஓர் அருங்காட்சியகத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். கண்ணாடிப் பேழைக்குள் பத்துப் பதினைந்து கோடரிகள். கீழே ஒரு சீட்டு: 'கல் ஆயுதங்கள் — புதிய கற்காலம்'. நான்கே சொற்கள்! எவ்வூரில் கிடைத்தன, எம்மலைக் கல், எப்படிச் செய்தனர், எதற்குப் பயன்பட்டன? ஒன்றும் இல்லை. காவலர் "தொடாதே" என்றார்; சீட்டு "கேட்காதே" என்றது.

'ஆயுதம்' என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை பெரிய பிழை! பழங்கால மனிதன் என்றாலே கையில் படைக்கலத்தோடு பாயும் காட்டாளாகத்தான் நம் பாடநூற் படங்கள் காட்டுகின்றன. கோடரியால் மண்டையைப் பிளக்க முடியாதா என்பீர், முடியும். அரிவாளாலும் முடியும், அதனால் அரிவாளைப் படைக்கலம் என்று எழுதி, அறுவடையை மறந்துவிடுவோமா?

அக்கோடரியைச் செய்த முறையைக் கேளுங்கள். மலையில் கறுத்துத் திரண்டு ஓடும் கடுங்கற் பாளத்தைத் தேர்ந்தெடுத்தல் முதல் வேலை. எந்தக் கல் நொறுங்கும், எந்தக் கல் தாங்கும் என்னும் அறிவு அதற்கு வேண்டும். கல்லால் கல்லைத் தட்டிச் செதில் செதிலாக உடைத்து உரு அமைத்தல் இரண்டாம் வேலை. ஓர் அடி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேடு பள்ளங்களைக் கொத்திச் சமன் செய்தல் மூன்றாம் வேலை. பாறையின்மேல் மணலும் நீரும் இட்டு, தேய்த்துத் தேய்த்துக் கூர்விளிம்பு ஏற்றுதல் நான்காம் வேலை. அப்படித் தேய்த்த பள்ளங்கள் இன்றும் பாறைகளிலே தென்படுகின்றன. பிறகு மரக்காம்பில் பொருத்தினால்தான் கோடரி கோடரியாகும்.

இத்தனை பாடும் எதற்காக? காட்டைத் திருத்த, மரத்தை வெட்ட, குடிசைக்குக் கால் நட, பட்டிக்கு வேலி கட்ட. இதே கோடரி மக்கள் வாழ்ந்த பையம்பள்ளியில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், 1964–65லும் 1967–68லும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கூலங்களில் கொள்ளும் பச்சைப் பயறும் இருந்தன. கொள்ளு! நம் ஊர் மேட்டு நிலத்தில் இன்றும் விளைகிறதே, அதே கொள்ளு! காட்டைக் கழனியாக்கிய கருவியைக் கொலைக்கருவியாக மட்டும் காண்பது, உழைத்தவன் வரலாற்றை அழித்துவிட்டு, அடித்தவன் வரலாற்றை மட்டும் எழுதி வைத்த பழைய நோயின் மிச்சமன்றோ?

ஓசூரிலிருந்து கிருட்டிணகிரி வரை இன்றும் கல்லை அறுத்துப் பளபளப்பேற்றும் தொழில் நடக்கிறது. கல்துகள் படிந்த முகத்தோடு கூலிக்கு நிற்கும் தொழிலாளியின் பெயர் அவர் மெருகேற்றிய பாளத்தில் இல்லை. நாலாயிரம் ஆண்டுக்கு முன் தேய்த்தவன் பெயரும் இல்லை. தேய்த்தவள் பெயரும் இல்லை.

செம்பியன் கண்டியூர்க் கோடரி

வகுப்பில் எழுந்த மூன்றாம் குரலுக்கு வருவோம். அதுதான் நம் வீட்டுக் குரல். ஆகவே அதைத்தான் கடுமையாக ஆராய வேண்டும்.

2006ஆம் ஆண்டில், மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன் கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி வெட்டியபோது இரண்டு கற்கோடரிகள் வெளிப்பட்டன. அவர் அவற்றை வாசலில் வைத்துப் பூசை செய்யவில்லை. வல்லார் கைக்குச் சேர்த்தார். தரங்கம்பாடி அருங்காட்சியகப் பொறுப்பாளர் வழியாக அவை தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையைச் சென்றடைந்தன. ஒன்றில் கீறல்கள் இருக்கக் கண்டனர் துறையினர். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை ஆராய்ந்து, நான்கு குறிகள் உள்ளன, நான்கும் சிந்துவெளிக் குறிகள் என்றார். முதல் இரண்டையும் 'முருகன்' என்று படித்தார். காலம் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்டது என மதித்தார். தமிழகப் புதிய கற்கால மக்களும் சிந்துவெளி மக்களும் ஒரே மொழியினர், அது திராவிட மொழியே என்பதற்கு இது வலிய சான்று என்று முடித்தார்.

நாடு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். மகாதேவன் சாமானியரல்லர். சிந்துவெளிக் குறிகளுக்குத் தொகுப்பும் சொல்லடைவும் செய்து 1977இல் நூலாகத் தந்தவர். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளுக்கு வாழ்நாளை ஈந்தவர். 2018இல் மறையும் வரை ஆய்வை விடாதவர். அவர் உழைப்பின் முன் தலை வணங்குகிறோம். ஆனால் வணங்கிய தலைக்குள் மூளையும் இருக்கிறது. அவர் கூற்றையும் கேள்வியால் சோதிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. எனவே கேட்போம்.

முதற் கேள்வி: கோடரி கிடைத்தது கொல்லைக் குழியில். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் பக்கத்தில், எந்தக் கரித்துண்டின் அருகில் என்ற பதிவோடு அகழாய்வில் வெளிவந்ததன்று. கல்லுக்குத் தன் வயதைத் தானே சொல்லும் வாயில்லை. சூழ்ந்திருக்கும் மண்தான் சொல்லும். அந்தச் சான்று மண்வெட்டியின் முதல் வெட்டிலேயே கலைந்துவிட்டது.

இரண்டாவது: கோடரியின் காலம் வேறு; கீறலின் காலம் வேறாக இருக்கலாமே! பாட்டன் செய்த பெட்டியில் பேரன் பெயர் பொறிப்பதில்லையா? கருவியின் வகையை வைத்துக் கருவிக்குக் காலம் சொல்லலாம். கீறலுக்கும் அதே காலம் என்பதற்குத் தனிச்சான்று வேண்டும்.

மூன்றாவது: நான்கும் சிந்துவெளிக் குறிகளே என்று கொண்டாலும், படிப்பு எப்படி உறுதியாகும்? சிந்துவெளிக் குறிகளைப் படித்தறியும் வழி உலகம் ஒப்ப இன்னும் நிறுவப்படவில்லை. அவை எழுத்தே அல்ல என்று வாதிட்டு 2004இல் ஃபார்மர், சுபுரோட், விட்செல் ஆகிய மூவர் கட்டுரை வெளியிட்டனர். அவர்களை மறுப்போரும் உண்டு. பூட்டு திறக்கவில்லை என்பதால்தான், திறப்போர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 சனவரியில் அறிவித்தார். பரிசு காத்திருக்கையில், விடை கிடைத்துவிட்டதென்று வகுப்பறையில் முழங்குவது முறையாகுமா?

இந்தக் கேள்விகளால் அந்தக் கோடரி சிறுமைப்படுமோ? படாது. காவிரிப் படுகையில் மண் உண்டு, மணல் உண்டு, மலை இல்லை. அக்கடினக் கல் தென்னாட்டு மேட்டு நிலத்திலிருந்து படுகைக்கு வந்திருத்தல் வேண்டும். எந்த வழியில், எவர் கைமாறி, எதற்கு ஈடாக வந்தது? கல்லை நுணுக்கி ஆராய்ந்தால் பிறந்த மலையையே கண்டறியலாம். வணிகமும் வழிப்பயணமும் அடங்கிய வரலாறு அது. அதைக் கேட்க ஆளில்லை. 'முருகன்' என்ற சொல்லைக் கேட்டதும் செவி நிறைந்துவிட்டது!

இங்கேதான் வேடிக்கையைப் பாருங்கள். கடவுள் இல்லை என்று மேடையில் பேசுவோரிலும் சிலர், கல்லில் கடவுள் பெயர் இருக்கிறதாம் என்றதும் கைகொட்டினர். அஜ்ஜி மஞ்சள் பூசி வணங்கினார். நாம் மாநாட்டு மலரில் படம் போட்டு வணங்கினோம். செய்த கை மறைந்தது. செய்யாத தெய்வம் வந்து அமர்ந்தது. ஒரே வகைக் கல் இரண்டாம் முறையும் சாமியாயிற்று!

ஒரே தராசு

"எதிரிக்கு ஏன் வாய்ப்புத் தருகிறீர்?" என்று நம் தோழர் சிலர் சினப்பர். அவர்கட்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவோம்.

2000ஆம் ஆண்டு. சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டோம், அது வேத மொழியே என்று இராசாராம், ஜா ஆகிய இருவர் நூல் வெளியிட்டனர். சிந்துவெளியில் குதிரை உண்டு என்று காட்ட, முத்திரை ஒன்றின் படத்தையும் காட்டினர். விட்செலும் ஃபார்மரும் அதே ஆண்டு அக்டோபரில் 'ஃபிரண்ட்லைன்' ஏட்டில் அதை அலசினர். உடைந்த முத்திரை! முழுமையான முத்திரைகளோடு வைத்துப் பார்த்தால், குதிரை என்றது ஒற்றைக்கொம்பு விலங்கின் உடற்பகுதி! ஜூசியூ செய்த அதே வேலைதான்: பக்கத்தில் வைத்துப் பார்த்தல். அன்று நாம் எப்படிச் சிரித்தோம்! அன்று குதிரையைக் கேள்வி கேட்ட அதே ஃபார்மரும் விட்செலும்தாம், நாம் விரும்பும் எழுத்தையும் பின்னர்க் கேள்வி கேட்டனர். முன்னதற்கு மாலை, பின்னதற்கு வசையா?

அதே 2000ஆம் ஆண்டு, நவம்பர் திங்கள், நாடு சப்பான். புசிமுரா சினிச்சி என்ற ஆய்வாளர் தோண்டிய இடமெல்லாம் மிகப் பழைய கற்கருவிகள் கிடைத்தன. சப்பானிய மண்ணில் மனித வாழ்வின் பழமை ஆண்டுதோறும் பின்னுக்குப் போயிற்று. பாடநூல்களும் அதை ஏற்றன. ஒரு நாள் 'மைனிச்சி' செய்தித்தாள் படத்தோடு செய்தி வெளியிட்டது. அவரே கற்களைக் கொண்டுபோய்ப் புதைத்துக்கொண்டிருந்தார்! பாடநூல்களைத் திருத்த நேர்ந்தது. ஒரு மனிதர் ஏமாற்றினார் என்பதோடு கதை முடியவில்லை. ஏமாற ஒரு நாடே ஆவலாய் இருந்தது. விரும்பிய செய்தி வந்ததால் வினாக்கள் வாய் மூடிக்கொண்டன.

செம்பியன் கண்டியூரில் எவரும் புரட்டு செய்ததாக நாம் கூறவில்லை, கூறுவது அடாது. கல்லைக் கண்ட ஆசிரியர் செய்தது பாராட்டுக்குரிய பணி. நாம் சொல்வது ஒன்றே: தராசு ஒன்றாக இருக்க வேண்டும். எதிரியின் குதிரைக்கு ஒரு படிக்கல், நம் முருகனுக்கு ஒரு படிக்கல் என்றால், நாம் நடத்துவது ஆய்வன்று, கள்ள வாணிகம்.

சான்றோடு பெருமை கொள்ள நமக்கு இடமில்லையா? இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே! பருகூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தது. இரும்போடு தொடர்புடைய மண்ணடுக்குகளில் எடுத்த கரித்துண்டுகளுக்கு ஆய்வுக்கூடத்தில் காலம் கணித்தனர். ஒன்று கி.மு. 1615, மற்றொன்று கி.மு. 2172 என்ற முடிவு 2022 மே திங்களில் அறிவிக்கப்பட்டது. அடுக்கு உண்டு, அளவு உண்டு, எவரும் மறுபடி சோதிக்க வழி உண்டு. நாளை புதிய சான்று வந்தால் இதையும் திருத்துவோம், திருத்துவதில் தாழ்வில்லை. பாறைபோல் நிற்கும் பெருமை இப்படிப்பட்டதுதான்.

பழமை மட்டுமே பெருமை என்பார்க்கு இன்னொரு செய்தி. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் 'சயின்ஸ்' ஏட்டில் நிறுவினர். இன்றைய மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டு இருக்கலாம். ஆக, அக்கோடரியைச் செய்தவர் தமிழரும் அல்லர், ஆரியரும் அல்லர். நம் இனத்து மனிதரே அல்லர்! அவர்களுக்கு எந்தக் கொடியைப் பிடிப்பது?

எல்லைக்கு முன்

இப்போது அந்தச் சிறுவனுக்கு விடை சொல்லலாம்.

மெருகேற்றிய கற்கோடரி தமிழ்நாட்டுக்குத் தனியுரிமை அன்று. சித்திரதுர்க்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் மார்ட்டிமர் வீலர் 1947இல் அகழ்ந்தபோது, அடியில் கிடைத்தது இதே கோடரிப் பண்பாடு. பெல்லாரிக்கு அருகே சங்கனக்கல்லில் ஒரு மலையே கோடரிப் பட்டறையாக இருந்திருக்கிறது: கரும்பாறையை வெட்டி எடுத்த இடம் உண்டு, உடைத்த செதில் குவியல் உண்டு, தேய்த்த பள்ளம் உண்டு. அந்தப் பெல்லாரி 1953 வரை சென்னை மாநிலம்; பிறகு மைசூர் மாநிலம். கல் அங்கேயேதான் கிடந்தது, கோடுதான் நகர்ந்தது!

ஓசூர்ப் பக்கம் இன்று நாம் காணும் மாநில எல்லை 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது உறுதியானது. கோடரிக்கு வயது ஏறத்தாழ நாலாயிரம். கோட்டுக்கு வயது எழுபது. மொழிக்கு வருவோமா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரு குடும்பம் என்று 1816இல் எல்லிசு எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் விரித்துரைத்தார். அக்குடும்பத்திற்கு ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமை என 2018இல் ஓர் ஆய்வு கணித்தது. அந்தக் கணக்கு சரியானால், இக்கோடரியைத் தேய்த்த காலத்தில் 'இது தமிழ், இது கன்னடம்' என்று பிரித்துச் சொல்ல இயன்றிருக்குமா என்பதே ஐயம். இன்றோ, ஒரே வகுப்பறைப் பலகையில் அமர்ந்த பிள்ளைகளை நாம் கல்லைக் காட்டிப் பிரிக்கிறோம்!

திராவிடம் என்று பேசும் நாம் கன்னடம் பேசும் சிறுவனை நோக்கி "இது உன்னுடையதன்று" என்று சொல்லலாமா? சொன்னால், பிறப்பைச் சொல்லிப் பிரித்தவனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? தமிழுக்கு உழைப்போம், தமிழின் தொன்மையைச் சான்றோடு உலகறியச் சொல்வோம். ஆனால் ஒரு சிறுவனின் முகம் சுருங்கினால்தான் நம் மொழி நிமிரும் என்ற நிலை தமிழுக்கு என்றும் இருந்ததில்லை.

ஆகவே மறுநாள் வகுப்பில் சொன்னோம்: "உன்னுடையதுதான், தம்பி. இதோ, இவளுடையதும்தான். இதைச் செய்தவர் நம் ஊர்ப் பெயரையும் அறியார், நம் சாதியையும் அறியார். செய்த வேலையை மட்டும் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்." பிறகு கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். கன்னத்தில் போட்டுக்கொண்ட சிறுமிதான் கேட்டாள்: "சார், இந்த ஓரத்தில் மட்டும் ஏன் சிறு சிறு உடைசல்?" பயன்பட்டதன் தழும்பு! நாம் கவனிக்கத் தவறியதை அவள் கண்டாள்.

இளைஞர்காள்! நம் பகுதியில் நாள்தோறும் நிலம் தோண்டப்படுகிறது. தொழிற்பேட்டைக்கு, சாலைக்கு, மனைக்கு என்று பொறி வண்டிகள் மண்ணைப் புரட்டுகின்றன. ஏர் புரட்டியது ஒரு சாண். இது புரட்டுவது ஆள் உயரம். இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், கழுவித் தேய்க்க வேண்டா, விற்க வேண்டா. கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், பக்கத்தில் கிடக்கும் பானையோட்டைக் கலைக்காதீர்கள், அருங்காட்சியகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியருக்கோ எழுதுங்கள். அருங்காட்சியகங்களையும் கேளுங்கள்: நான்கு சொல் சீட்டு போதாது, கிடைத்த ஊரும், செய்த முறையும், செய்த வேலையும் எழுதப்பட வேண்டும், எளிய தமிழில், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி!

வாக்குத் தவறாமல் அன்று மாலையே சிறுவன் கல்லை அஜ்ஜியிடம் ஒப்படைத்திருந்தான். மறுநாள் அவர் விருப்பத்தோடு மீண்டும் கொண்டுவந்தான். அடுத்த வாரம் நாமே அத்தோட்டத்திற்குச் சென்றோம். கல் தட்டுப்பட்ட இடத்தை அஜ்ஜி கை நீட்டிக் காட்டினார், குறித்துக்கொண்டோம். கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கு மடல் எழுதப் பையனையே பணித்தோம். "இது மனிதர் செய்ததா?" என்று அஜ்ஜி இருமுறை கேட்டார். ஆம் என்றோம். கல்லை எடுத்து, விரல்களை அதன்மேல் பொருத்திப் பார்த்து, "கைக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.